மிளகாய் வராத காலத்துக் கூழ்

அன்புள்ள தம்பிக்கு,

நீர் அனுப்பிய கதை கிடைத்தது. உம்முடைய வயதில் ஒருவர் மன்னார்த் தீவைப் பற்றி, அதுவும் 1544ஆம் ஆண்டைப் பற்றி எழுத முன்வந்ததே எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் ஓரிடத்தில் எனக்குக் கோபம் வந்து, தாள்களை மேசையில் போட்டுவிட்டு முற்றத்தில் போய் நின்றேன். எந்த இடம் என்று உடனே சொல்லிவிடுகிறேன். சவேரியார் அனுப்பிய குருவானவர் தோட்டவெளிக்கு வருகிறார். ஒரு வீட்டில் அவருக்கு ஒடியல் கூழ் வார்க்கிறார்கள். ஒரு மிடறு குடித்ததும் செத்தல் மிளகாயின் உறைப்பில் அவருக்குக் கண்ணீர் வழிகிறது. கூழ் வார்த்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

தம்பி, 1544ல் அந்தச் சட்டிக்குள் மிளகாய் எங்கேயிருந்து வந்தது?

மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். கொலம்பஸ் கடல் தாண்டும்வரை நம்முடைய பக்கத்தில் ஒருவரும் அதைக் கண்டதில்லை. பறங்கியரின் கப்பல்களில்தான் அது கோவாவுக்கு வந்தது. அங்கிருந்து தோட்டம் தோட்டமாக, ஊர் ஊராகப் பரவ எத்தனையோ காலம் எடுத்தது. உம்முடைய குருவானவரின் நாட்டார் கொண்டுவந்த விதை, அவர் வந்து இறங்கும் முன்னமே தோட்டவெளியில் ஒரு கிழவியின் பானையில் செத்தலாகக் காய்ந்து கிடந்ததாக எழுதியிருக்கிறீர். அதே சட்டியில் மரவள்ளிக்கிழங்கும் அவிகிறது. மரவள்ளி ஒல்லாந்தர் காலத்தின் கடைசியில், 1780களில், இலங்கைக்கு வந்தது. வளவில் பப்பாசி மரம் வேறு நிற்கிறது. அதுவும் மிளகாயோடு வந்த கூட்டம். கோட்டை, யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலியன், சவேரியாரின் கடிதங்கள் எல்லாவற்றையும் தேடி வாசித்திருக்கிறீர் என்பது தெரிகிறது. அடுப்படியைப் பற்றி மட்டும் ஒருவரையும் கேட்கவில்லை. ராசாக்களுக்கு வருடம் பார்க்கிறவர்கள் சட்டிக்கு வருடம் பார்ப்பதில்லை. என் வாழ்நாள் முழுக்க எழுத்தாளர்களோடு நான் இதற்காகச் சண்டை பிடித்துவிட்டேன். உம்மோடும் பிடிக்கத்தான் போகிறேன்.

அந்தக் காலத்துக் கூழில் உறைப்புக்கு மிளகு. புளிப்புக்குப் பழப்புளி. மற்றதெல்லாம் கடலும் பனையும் கொடுத்தவை. ஒடியல் மா எப்படி வருகிறது என்று கதையில் ஒரு வரிகூட இல்லை. ஆவணி புரட்டாதியில் பனம்பழம் விழும். உம்முடைய கதையில் மார்கழி மழைக்குள் விழுகிறது, அதையும் திருத்தும். விதையைப் பாத்தி போட்டு, கிழங்கு வைத்ததும் கிண்டி, தோல் உரித்து, பச்சையாகவே இரண்டாகக் கிழித்து வெயிலில் காயவிட்டால் ஒடியல். அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல், அது கடித்துத் தின்ன. கூழுக்குப் பச்சை ஒடியலை இடித்து மா எடுக்கவேண்டும். அந்த மாவை அப்படியே சட்டியில் கொட்ட முடியாது. தண்ணீரில் ஊறப்போட்டு, மா அடியில் படிந்ததும் மேல்நீரை ஊற்றிவிட்டு, திரும்பவும் தண்ணீர் விட்டு, திரும்பவும் ஊற்றவேண்டும். கசப்பு அந்த நீரோடு போகும். மீன் தலையும் நண்டும் திருக்கைத் துண்டும் அவிந்து, முருங்கை இலை போட்ட பிறகு, கரைத்த மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, அடிப்பிடிக்காமல் துழாவிக்கொண்டே இருக்கவேண்டும். கை ஓய்ந்தால் கட்டிபட்டுவிடும். புளியும் அரைத்த கூட்டும் கடைசியில். இவ்வளவையும் ஒரு பெண் தன் வீட்டுக்கு வந்த ஒரு பரதேசிக்காகச் செய்கிறாள் என்றால், அவள் அன்று காலமை ஒரு முடிவு எடுத்திருக்கிறாள். அந்த முடிவு உம்முடைய கதையில் இல்லை.

என்னுடைய இரண்டாவது கோபம் இதைப் பற்றித்தான். கதை முழுக்க அவள் ஒரு கை. கூழ் வார்க்கும் கை, ஓலைப் பிளாவை நீட்டும் கை, பிறகு சிரிக்கும் ஒரு வாய். நிலவு, கடல், கூழின் மணம், நண்டின் நிறம் எல்லாவற்றையும் குருவானவரின் கண்ணாலும் மூக்காலும் நாக்காலும் எழுதியிருக்கிறீர். நீர் எங்கட ஊர்ப் பிள்ளை. அந்தச் சட்டிக்குப் பின்னால் இருந்து எழுதவேண்டிய நீரே விருந்தாளியின் பாயில் போய் இருந்துகொண்டால் சட்டிக்காரியின் பக்கத்தை எழுத வேறு யார் இருக்கிறார்கள்?

வந்தவர்களின் கண்ணுக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். 1560ல் மன்னார்க் கடலில் ஆணும் பெண்ணுமாக ஏழு கடல்மனிதர்கள் பிடிபட்டதாக யேசுசபையின் வரலாற்றை எழுதியவர் பதிந்து வைத்திருக்கிறார். அவற்றைக் கோவாவுக்குக் கொண்டுபோனார்களாம். இராசப்பிரதிநிதியின் வைத்தியர் டெமாஸ் பொஸ்கேஸ் அறுத்துப் பார்த்து, உள்ளுறுப்பெல்லாம் மனிதருக்கு இருப்பதுபோலவே இருக்கின்றன என்று சொன்னாராம். எமர்சன் டெனன்ட் 1861ல் வந்த தன் புத்தகத்தில் இதை எடுத்து எழுதியிருக்கிறார். அவை வேறொன்றுமில்லை, ஆவுளியா. கடற்பசு என்று புத்தகத்தில் போடுவார்கள். நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் ஆவுளியா பட்டால் கரை முழுக்கச் சனம் கூடும். இறைச்சி பங்கு போகும், எண்ணெய் மருந்துக்குப் போகும். இப்போது பிடிக்கத் தடை. தடை சரியானதுதான், அந்தச் சீவன் அருகிப்போய்விட்டது. நான் சொல்ல வருவது வேறு. கோவாவில் வைத்தியர் கத்தியை வைத்துக்கொண்டு இது மனிதனா மீனா என்று யோசித்த அதே காலத்தில், எங்கள் கரையில் அதன் எந்தப் பாகம் யாருக்கு என்று தெரிந்த பெண்கள் இருந்தார்கள். அவர்களுடைய அறிவை ஒருவரும் எழுதிவைக்கவில்லை. உம்முடைய கதை அதை எழுதும் என்று நினைத்துத்தான் வாசிக்கத் தொடங்கினேன்.

சிரிப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். அந்தப் பெண் சிரித்திருக்கமாட்டாள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் பெத்தாச்சி சிரிக்கவில்லை.

அமலமரித் தியாகிகள் சபையார் 1847ல் இலங்கைக்கு வந்தவர்கள். மன்னார் தனி மறைமாவட்டமாக ஆனது 1981ல்தான். அதுவரை யாழ்ப்பாணத்து ஆயரின் கீழ்தான் நாங்கள். என் சிறுவயதில் எங்கள் பங்கில் அந்தச் சபையைச் சேர்ந்த ஒரு பிரெஞ்சுக்காரச் சுவாமி இருந்தார். நல்ல உயரம், வெயில் பட்டுக் கழுத்து எந்நேரமும் சிவந்திருக்கும். தமிழில் பிரசங்கம் வைப்பார், கொஞ்சம் கொச்சையாக இருந்தாலும் விளங்கும். அறைவீட்டில் அவருக்குச் சமைக்க ஒரு குசினிக்காரர் இருந்தார். பாண், முட்டை, அவித்த கிழங்கு, கோழிச் சூப். தபசுகாலத்து வெள்ளிக்கிழமைகளில் பெத்தாச்சி மண்சட்டியில் கூழ் விட்டு, வாயைத் துணியால் கட்டி, என்னிடம் கொடுத்து அறைவீட்டுக்கு அனுப்புவா. குசினிக்காரர் வாங்கிக்கொள்வார். சட்டி கழுவித் திரும்பி வரும். அந்தக் கூழைச் சுவாமி குடிப்பதில்லை, குசினிக்காரர்தான் குடிக்கிறார் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். பெத்தாச்சிக்கும் தெரியும். ஆனாலும் அனுப்பிக்கொண்டே இருந்தா.

ஒரு வெள்ளிக்கிழமை யாருக்கோ அவஸ்தைபூசுதல் கொடுத்துவிட்டு வரும் வழியில், நல்ல வெயிலுக்குள், சுவாமி எங்கள் வளவுக்குள் தண்ணீர் கேட்டு வந்தார். அடுப்பில் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. பெத்தாச்சி தண்ணீர் கொடுத்தா. பிறகு ஒன்றும் கேட்காமல் ஓலையை வெட்டிப் பிளா கோலி, கூழ் வார்த்து அவர் கையில் கொடுத்தா. அவர் கோப்பையைப் பிடிப்பதுபோல நடுவில் பிடித்தார். பிளா நெளிந்து கூழ் வெள்ளை அங்கியில் கொட்டியது. நாங்கள் பிள்ளைகள் சிரிக்கப் போனோம். பெத்தாச்சி ஒரு பார்வை பார்த்தா, சிரிப்பு அடங்கிவிட்டது. முடிச்சுப் பக்கத்தை ஒரு கையால் இறுக்கிப் பிடிக்க அவருக்குக் காட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பவும் வார்த்தா. சுவாமி குடித்தார். மீன் தலையை ஒதுக்கி வைத்தார். பெத்தாச்சி அந்தத் தலையை விரலால் காட்டி, அதையும் சாப்பிடச் சொன்னா. அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே நின்றா.

அவர் போன பிறகு அம்மா கேட்டா, சுவாமியை இப்படிக் கட்டாயப்படுத்தலாமா என்று. பெத்தாச்சி சொன்னதை எழுதுகிறேன், அப்படியே வைத்துக்கொள்ளும்: "எங்கட சட்டியில வாய் வைக்காத சுவாமிட பிரசங்கத்த நான் ஏன் கேக்கவேணும்?"

அதற்குப் பிறகு தபசுகாலத்தில் அவர் தானாகவே வரத் தொடங்கினார். திருக்கைத் துண்டு கேட்டு வாங்குவார். பாவசங்கீர்த்தனத்துக்கு வராமல் நழுவித் திரிந்த சில மீன்பிடிகாரர் எங்கள் வளவில் கூழுக்கு இருக்கும்போது அவரிடம் அகப்பட்டுக்கொண்டார்கள். அவர் அங்கே பிரசங்கம் வைக்கவில்லை. சோளகம் எப்போது பெயரும், வலை எவ்வளவுக்குப் போகும் என்று கேட்டுக்கொண்டு குந்தியிருப்பார். கோயிலில் அவருடைய தமிழ் திருந்தியது அந்தக் கூழ்ச்சட்டியைச் சுற்றி இருந்த பிறகுதான் என்று நான் இன்றும் நம்புகிறேன்.

இனி உமக்கு நேரே உதவக்கூடிய விஷயத்துக்கு வருகிறேன். ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளாரை நீர் கதையில் ஒரு வரியில் தொட்டு விட்டுவிட்டீர். தம்பிரான் வணக்கத்தை 1578ல் கொல்லத்தில் அச்சிட்டவர் என்ற அளவில்தான் நம்முடைய ஆட்களுக்கு அவரைத் தெரியும். அவர் மன்னாரில் இருந்தவர். 1561ல் மன்னாரிலிருந்து உரோமாபுரிக்குக் கடிதம் எழுதியவர். அதற்கு மேல் ஒன்று இருக்கிறது. அவர் யூத வம்சத்தில் வந்தவர். போர்த்துக்கலில் அவர்களைப் புதுக்கிறிஸ்தவர்கள் என்பார்கள்; பாட்டன் பூட்டன் காலத்தில் ஞானஸ்நானம் பெற்றிருந்தாலும் அந்தப் பெயர் போகாது. அந்த இரத்தத்தைக் காரணம் காட்டித்தான் பிரான்சிஸ்கன் சபை அவரை வெளியே அனுப்பியது. பிறகு யேசுசபை எடுத்துக்கொண்டது.

அப்படிப்பட்ட குடும்பங்களை அந்த நாட்டில் எப்படிக் கண்காணித்தார்கள் தெரியுமா? சட்டியைப் பார்த்து. பன்றிக் கொழுப்பில் பொரிக்கிறார்களா, எண்ணெயில் பொரிக்கிறார்களா, வெள்ளிக்கிழமை பின்னேரமே சனிக்கிழமைச் சாப்பாட்டைச் சமைத்து மூடி வைக்கிறார்களா என்று பக்கத்து வீட்டாரும் வேலைக்காரியும் பார்த்துப் போய்ச் சொல்லலாம். மன்னாரில் பறங்கியர் கோட்டை எழுந்த 1560ஆம் ஆண்டுதான் கோவாவில் இப்படிக் கண்காணித்து விசாரிக்கிற சமய விசாரணை மன்றமும் வந்தது. அதே மன்றம் 1736ல் கோவாக் கிறிஸ்தவர்களுக்குப் போட்ட கட்டளையில், இந்துக்கள் செய்வதுபோல உப்புப் போடாமல் சோறு சமைக்கக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. ஞானஸ்நானம் கொடுத்து இருநூறு வருடத்துக்குப் பிறகும் சோற்றுப் பானையில் உப்பு இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார்கள்.

இப்போது யோசித்துப் பாரும். சட்டியை வைத்துச் சந்தேகிக்கப்பட்ட ஒரு சாதியில் பிறந்த மனிதர், புதிதாக வேதத்துக்கு வந்த மன்னார்ச் சனத்தின் நடுவே வந்து இருக்கிறார். அவர்களின் பாஷையைப் படித்து இலக்கணம் எழுதுகிறார். அவர்கள் வீட்டில் சாப்பிட உட்காரும்போது அவருக்கு என்னென்ன ஞாபகம் வந்திருக்கும்? நீர் கதையின் காலத்தைப் பதினாறு பதினேழு வருடம் தள்ளிப் போட்டால் இந்த மனிதர் உம்முடைய கைக்குள் வருவார். மிளகாய்க் கண்ணீர் தேவைப்படாது.

யேசுசபைக் குரு நோபிலியையும் நீர் ஓரிடத்தில் இழுத்திருக்கிறீர். அவர் 1606ல் மதுரைக்கு வந்து, மச்ச மாமிசம் விட்டு, பிராமணச் சமையற்காரரை வைத்து ஒருவேளை சோறு உண்டவர். கடைசிக் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் சிறிது காலம் இருந்தார். பெரிய படிப்பாளி, அதை மறுக்கவில்லை. ஆனால் அவருடைய சாப்பாடு மேல்சாதியாரின் வீட்டுக் கதவைத் திறப்பதற்கான சாப்பாடு. மீனைத் தள்ளிவைத்தவருக்கு மன்னார்க் கரையில் எந்த அடுப்படியும் இல்லை. யாழ்ப்பாணத்தில் 1816க்குப் பிறகு வந்த அமெரிக்க மிஷனாரின் விடுதிப் பள்ளிகளில் வெள்ளாளப் பிள்ளைகள் மிஷன் வளவுக்குள் சமைத்ததைத் தொடமாட்டோம் என்று நின்றார்கள். அங்கே சாப்பாடு மதில். எங்கள் கரையில் கூழுக்கு ஒரே சட்டிதான், சுற்றி இருந்து குடிப்பதுதான் வழக்கம். இந்த வித்தியாசத்தைப் பிடிக்காமல் நோபிலியின் பெயரை மட்டும் போட்டால் கதைக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. எடுத்துவிடும்.

இன்னொரு சின்னத் திருத்தம். கதையில் பிள்ளை பெற்று அதிக நாளாகாத மருமகளும் நண்டு சாப்பிடுகிறாள். பச்சை உடம்புக்காரிக்கு எந்த மாமி நண்டு கொடுப்பா? அவளுக்குப் பால்சுறா வறையும் மிளகு போட்ட சரக்குத்தண்ணியும்.

சரி, குறை சொன்னது போதும். உம்முடைய கதையில் ஒரு பக்கம் இருக்கிறது. அதை வாசித்துவிட்டு நான் கண்ணாடியைக் கழற்றி வைத்தேன். ஞானஸ்நானம் முடிந்த மறுநாள் காலமை, புருஷன் மனைவியை அவளுடைய புதுப் பெயரால் கூப்பிடுகிறான். அவள் தன்பாட்டில் ஒடியல் இடித்துக்கொண்டிருக்கிறாள், திரும்பவில்லை. அவன் மறுபடி கூப்பிடுகிறான். பக்கத்து வீட்டுக்காரி, யாரோ மரியாளாம், கூப்பிடுகிறாரே என்று இவளிடமே சொல்கிறாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு உறைக்கிறது. சவேரியார் தான் ஞானஸ்நானம் கொடுத்தவர்களுக்குப் புதுப் பெயரை எழுதியே கொடுத்தவர் என்பது கடிதங்களில் இருக்கிறது. ஆனால் பெயர் ஓலையில் ஏறுவதற்கும் காதில் ஏறுவதற்கும் இடையில் உள்ள அந்த ஒரு நாளை ஒருவரும் இதுவரை எழுதவில்லை. குரூஸ், பெர்னாந்து, பீரிஸ், லெம்பேட் என்று பெயர் வைத்துக்கொண்டு நானூறு வருடத்துக்கு மேலாக வாழும் எங்களுக்கு எல்லாம் அந்தக் காலமை வந்துபோயிருக்கிறது. நீர் அதைக் கண்டுவிட்டீர். உம்முடைய தலைமுறையில் இப்படி ஒரு பக்கம் எழுதக்கூடியவர் எனக்குத் தெரிந்து வேறு யாரும் இல்லை. இதை எழுதிய கைதான் மிளகாய்க் கண்ணீரையும் எழுதியது என்பதால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

அந்தப் பக்கத்துக்கு முன்னால் ஒரு பக்கம் குறைகிறது. அதை நீர்தான் எழுதவேண்டும். பழைய முழுச் சடங்கின்படி, ஞானஸ்நானம் பெற வருகிறவரின் நாக்கில் குருவானவர் மந்திரித்த உப்பைக் கொஞ்சம் வைப்பார். என் காலத்துப் பிள்ளைகளுக்கும் வைத்தார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான் அது நின்றது. பூசைக்கு வேண்டிய கோதுமை மாவும் முந்திரிகை இரசமும் மன்னாரில் விளையாது, கப்பலில் வரவேண்டும். அந்தக் காலத்தில் புதுக்கிறிஸ்தவர்களுக்கு நன்மை கொடுப்பதும் இலேசில் நடக்காது. ஆகவே அந்தப் பெண்ணின் வாய்க்குள் வேதம் முதலில் போனது அப்பமாக இல்லை, உப்பாக. அதுவும் அவளுடைய கடலிலேயே விளைகிற பொருள். வள்ளத்தில் வந்த ஒரு அந்நியன் அவளுடைய உப்பை எடுத்து அவளுடைய நாக்கிலேயே வைக்கிறான். உப்பிட்டவரை மறக்கக்கூடாது என்று வளர்ந்த சனம் அது. அடுத்த சில வாரத்துக்குள் சங்கிலியனின் ஆட்கள் வருகிறார்கள். வேதத்தை விடு என்று சொன்னபோது விடாமல் அறுநூறு எழுநூறு பேர் செத்தார்கள் என்று எங்கள் ஊர் சொல்லிவருகிறது. அவர்களுக்குச் செபங்கள் அரையும்குறையுமாகத்தான் பாடம் வந்திருக்கும். குருவானவரோடு இருந்த காலம் அவ்வளவு குறைவு. அவர்கள் ஏன் விடவில்லை என்ற கேள்வி தோட்டவெளி வேதசாட்சிகளின் இராக்கினி கோயிலுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு வரும். படித்த ஆட்கள் அதற்கு அரசியல் காரணம் சொல்கிறார்கள்: சங்கிலியனுக்குப் பறங்கியரின் பயம், முத்துக்குளிப்பு வருமானம், யாழ்ப்பாணத்து இராசவுரிமை. எல்லாம் உண்மை. ஆனால் அவை கொன்றவர்களின் காரணங்கள். செத்தவர்களின் காரணத்தைக் கதைதான் சொல்ல முடியும். உம்மிடம் சட்டியும் இருக்கிறது, உப்பும் இருக்கிறது, பெயரைக் கேட்டுத் திரும்பாத ஒரு பெண்ணும் இருக்கிறாள்.

இதைத் தொடர்ந்து இன்னொரு கதையும் உமக்கு வரும் என்று நினைக்கிறேன். 1658ல் ஒல்லாந்தர் மன்னாரைப் பிடித்தபின், கத்தோலிக்கக் குருவுக்கு இடம் கொடுக்கிறவனுக்கு மரணதண்டனை என்று கட்டளை போட்டார்கள். அதற்குப் பிறகு பூசை சொல்ல ஆளில்லாமல் சனம் தனித்துக் கிடந்தது. மாந்தையிலிருந்த மாதாவின் சுருவத்தைக் காட்டுக்குள் மடுவுக்குக் கொண்டுபோனது அப்போதுதான். 1687ல் கோவாவிலிருந்து யோசேவாஸ் அடிகளார் பிச்சைக்காரன் வேஷத்தில் வந்தார். வந்த உடனே வயிற்றோட்டம் பிடித்துச் சாகக் கிடந்தவருக்கு ஒரு பெண் ஒளித்து ஒளித்துக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்து உயிர் காத்தாள் என்பார்கள். பாப்பரசர் பிரான்சிஸ் 2015ல் கொழும்பில் அவரைப் புனிதராக்கியபோது அந்தக் கூட்டத்தில் நானும் நின்றேன். அவ்வளவு சனத்துக்குள்ளும் எனக்கு அந்தக் கஞ்சிக்காரியின் நினைவுதான் வந்துகொண்டிருந்தது. பிடிபட்டிருந்தால் அவளுடைய தலை போயிருக்கும். அவர் யார், எந்த வேதம் என்று அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்பதை நீர் முடிவுசெய்யும். நான் என்றால் தெரியாது என்று எழுதுவேன்.

கதையை இப்போது அச்சுக்குக் கொடுக்கவேண்டாம். சஞ்சிகைக்காரர் அவசரப்படுத்தினால் அடுத்த இதழுக்குத் தருகிறேன் என்று சொல்லும். மிளகாய், மரவள்ளி, பப்பாசி, மார்கழிப் பனம்பழம், மருமகளின் நண்டு, நோபிலி ஆகியவற்றை எடுத்துவிடும். குருவானவருடைய கண்ணை மூடிவிட்டு அந்தப் பெண்ணின் கையிலிருந்து முதல் வரியைத் தொடங்கும். பேசாலையில் கருவாடு போடுகிற பெண்களிடம் போய் இரும். விடியமுன் போனால்தான் கதைப்பார்கள், வெயில் ஏறினால் வேலை. வறுமை மாதத்தில், கடல் கொந்தளிக்கும்போது, என்னத்தைக் கூழில் போடுவார்கள் என்று கேளும். குறிப்புப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போகவேண்டாம், அவர்கள் வாய் மூடிவிடும். திருத்திய பிறகு முழுவதையும் எனக்கு அனுப்பும், பெரிய எழுத்தில்.

அன்புடன்,
உம்முடைய மாமா முறையான ஒரு பேசாலைக்காரன்